தராசு முள் தெரியாத தூரம்

எங்க அப்பாயிகிட்ட ஒரு தகர டப்பா இருந்தது. பால்மாவு வந்த டப்பா. விளிம்பு துருப்பிடித்துப்போய், உள்பக்கம் ஆணியால் கீறிய ஒரு கோடு இருக்கும். கடையிலிருந்து அரிசி வாங்கி வந்தால் உலையில் போடும் முன் அந்த டப்பாவில் கொட்டிப் பார்க்கும். கோட்டைத் தொட்டால் ஒன்றும் பேசாது. கோட்டுக்குக் கீழே நின்றால், "இன்னைக்கி அரைக் கை அரிசிய அந்தாளு தின்னுட்டான்" என்று சொல்லிவிட்டுக் களையப் போய்விடும். திருப்பிக் கேட்கப் போனதாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் நான் கேட்டேன்: "கொறயுதுன்னு தெரியுதுல்ல, போயி கேக்க வேண்டியதுதான அப்பாயி?" அது சொன்னது: "கேட்டா நாளைக்கி இதுவும் வராது."

கடையில் அது வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். கடை ஊருக்குள் இருந்தது. சாதி இந்துக்கள் படியேறி, பலகைக்குப் பக்கத்தில் நின்று வாங்குவார்கள். நம்ம ஆட்கள் கீழே, வாசலுக்கு வெளியே. காசைப் படியில் வைக்கணும். சாமான் பொட்டலமாக வந்து விழும், இல்லையென்றால் ஏந்திய முந்தானையில் கொட்டப்படும். அங்கே நின்று பார்த்தால் தராசுத் தட்டு ஆடுவது தெரியும். முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தத் தூரத்தைப் பற்றியது.

நாலு கடை ஏறி விலை கேளுங்கள், எடையைச் சரிபாருங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள் என்று நுகர்வோருக்குச் சொல்கிறார்கள். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த அறிவுரைக்குள் சில விஷயங்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளப்படுகின்றன. கையில் ரொக்கக் காசு இருக்கிறது. இந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை இருக்கிறது. அந்தக் கடைத்தெருவில் நடக்கலாம். தராசுக்குப் பக்கத்தில் நிற்கலாம். "என்னய்யா எடை கொறயுது" என்று கேட்டால் கேட்டவருக்கு அடி விழாது. இந்த ஐந்தும் இருந்தால்தான் ஒருவர் நுகர்வோர். இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் நம் மக்கள் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. 'நுகர்வோர்' என்கிற சாதியற்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் போராட்டங்களின் வரலாறு மறைந்து கிடக்கிறது.

1. மரக்காலுக்குப் பெயர் இருந்தது

அளவு என்பது எப்போதும் அதிகாரத்தின் கையில் இருந்த சாமான். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் மரக்காலுக்குப் பெயர் இருக்கிறது. கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும், அது 'ராஜகேசரி'க்குச் சமம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நெல்லும் குறையக் கூடாது என்பதில் அரசனுக்கு அவ்வளவு அக்கறை. கடவுளின் பெயரும் அரசனின் பட்டமும் மரக்காலுக்கு வந்தது சும்மா இல்லை.

அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான் ஊர்களின் நிலக் கணக்கு சொல்லும்போது, வரியில்லாத இடங்களின் பட்டியலில் ஊர் நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு 'பறைச்சேரி'யும் 'தீண்டாச்சேரி'யும் வருகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் குடியிருப்பு தனியே பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது. அந்த நெல்லை விளைவித்தவர்கள் அங்கே இருந்தார்கள். கோயிலுக்குப் போகிற நெல் எந்த மரக்காலில் அளக்கப்பட வேண்டும் என்று கல் சொல்கிறது. சேரிக்கு வருகிற நெல்லை எந்த மரக்காலில் அளப்பது என்று கல்லில் வெட்டி வைக்கும் தேவை அரசனுக்கு இருக்கவில்லை. நம் பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

2. வாங்க ஒண்ணு, குடுக்க ஒண்ணு

இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். இது வாய்ப்பாடு. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. படியிலும் சின்னப் படி, பெரிய படி என்று உண்டு. ஒரே பண்ணையில்கூட ஒரே மரக்கால் இருக்கவில்லை என்பது எங்கள் பக்கத்துக் கிழவர்கள் எல்லோரும் சொல்லும் சேதி. "வாரம் வாங்க ஒரு மரக்கா, கூலி குடுக்க ஒரு மரக்கா" என்பார்கள். வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பது, கொடுக்கும்போது விளிம்போடு தலை தட்டி அளப்பது. மரக்கால் ஒன்றாகவே இருந்தாலும் அளக்கிற கையால் இரண்டாகிவிடும்.

கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் 1940களில் சங்கமாகச் சேர்ந்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சவுக்கால் அடிக்கக் கூடாது. சாணிப்பால் குடிக்க வைக்கக் கூடாது. இவற்றோடு கூட, முத்திரை மரக்காலால்தான் கூலி அளக்க வேண்டும் என்பதும் இருந்தது. சவுக்கடிக்கும் மரக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். சவுக்கு இருக்கும்வரை மரக்காலை யாரும் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டன. 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முன்னால் நடந்தது கூலிப் போராட்டம். 'அரைப்படி நெல்' என்றுதான் மக்கள் நினைவில் அது நிற்கிறது. நிலப்பிரபுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. அரைப்படி என்பது சின்ன அளவு, அதற்கா இவ்வளவு என்று சிலர் எழுதினார்கள். அந்த அரைப்படி நெல்தான் மறுநாள் கடையில் உப்பாகவும் மிளகாயாகவும் மாற வேண்டிய காசு. அளவைக் கேட்கத் துணிந்தவன் நாளைக்கு எதையெல்லாம் கேட்பான் என்பதும் ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது.

3. கடைக் கணக்கு

கூலி நெல்லாக வந்ததால் கடையில் நெல்தான் நம்ம காசு. ஒரு படி நெல்லைக் கொடுத்து உப்பு, புளி, கருவாடு, மண்ணெண்ணெய் வாங்குவது. அந்த நெல்லுக்கு விலை வைப்பவர் கடைக்காரர். சாமானுக்கு விலை வைப்பவரும் அவரே. அறுவடைக் காலத்தில் நெல் மலிவு என்பார். ஐப்பசி, கார்த்திகையில் வேலையில்லாமல் அதே கடையில் அரிசி கடன் கேட்டுப் போனால், விலை ஏறிப்போச்சு என்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். களத்தில் நூறு பங்கு கூலி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மரக்காலில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மிச்சம் 90. அந்த நெல்லுக்குக் கடையில் பத்தில் ஒரு பங்கு விலை குறைத்துப் போடுகிறார்கள். மிச்சம் 81. வாங்கும் சாமானில் பத்தில் ஒரு பங்கு எடை குறைகிறது. வீட்டுக்கு வந்து சேர்வது 72.9. ஒவ்வொரு இடத்திலும் 'சும்மா ஒரு கைப்பிடி'தான். மூன்று கைப்பிடி சேர்ந்து நம்ம உழைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. களத்தில் நடந்ததைக் கூலிப் பிரச்சினை என்றும் கடையில் நடந்ததை நுகர்வோர் பிரச்சினை என்றும் பிரித்துப் படிப்பவர்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை தெரியாது.

தராசின் வித்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைப்பது. எடைக்கல்லின் அடியில் இருக்கும் ஈயத்தைச் சுரண்டி எடுப்பது. கல்லுக்குப் பதில் ஏதோ ஒரு கருங்கல் துண்டை வைப்பது. படியின் அடியை உள்பக்கமாகத் தட்டி மேடாக்குவது. எண்ணெயை நுரையோடு அளப்பது. கெட்டித் தாளில் பொட்டலம் கட்டித் தாளையும் சேர்த்து நிறுப்பது. இந்த வித்தை எல்லாச் சாதி ஏழைகளையும் ஏமாற்றியது உண்மை. ஆனால் பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படாமல் செய்ய வித்தை வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு வித்தையே தேவையில்லை. தீண்டாமை போட்டு வைத்த தூரமே போதும்.

கடன் நோட்டு இன்னொரு தூரம். நோட்டில் எழுதுவது அவர். படிக்கத் தெரியாத நம்ம ஆள் கைநாட்டு வைப்பார். கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. போனது தெரிந்தால் பாக்கி முழுவதையும் இன்றைக்கே வை என்பார். விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது என்பது கடனில்லாதவனின் உரிமை.

கொஞ்சமாக வாங்குபவன் எப்போதும் கூடுதலாகக் கொடுக்கிறான் என்பதற்கு அரசாங்கமே ஒருமுறை கணக்கு எழுதிக் காட்டியது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா. புதுக் கணக்கில் ரூபாய்க்கு 100 நயா பைசா. அப்படியானால் ஓர் அணா 6.25 நயா பைசா, காலணா 1.5625. பின்னத்துக்கு நாணயம் கிடையாது. அரைக்கு மேல் இருந்தால் ஒன்றாக்கு, அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடு என்று மாற்று அட்டவணை போட்டார்கள். அதன்படி ஓர் அணாவுக்கு 6 நயா பைசா. காலணாவுக்கு 2 நயா பைசா.

இப்போது இரண்டு பேர் கடைக்குப் போகிறார்கள். ஒருவர் ஓர் அணாவுக்கு மொத்தமாகப் புளி வாங்குகிறார். புதுக் காசில் 6 பைசா. அப்பாயி காலணாவுக்குப் புளி, காலணாவுக்கு மிளகாய், காலணாவுக்கு உப்பு, காலணாவுக்கு விளக்கெண்ணெய் என்று தனித்தனியாக வாங்குகிறது. நாலு இரண்டு எட்டு பைசா. அதே ஓர் அணா சாமானுக்கு இரண்டு பைசா கூடுதல். யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று சொல்ல வரவில்லை. சட்டப்படி சரியாகப் போட்ட கணக்கே கீழே நிற்பவன் தலையில் விடிகிறது என்றுதான் சொல்கிறேன்.

1956இல் எடையளவுச் சட்டம் வந்து, நாடு படிப்படியாகக் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறியது. நம் பக்கத்துக் களங்களில் மரக்கால் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் போகவில்லை. 1967 தேர்தலில் அண்ணா கொடுத்த அரிசி வாக்குறுதியும் 'ரூபாய்க்கு மூன்று படி' என்று படிக் கணக்கில்தான் இருந்தது. ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கியது, அதுவும் சென்னையிலும் கோவையிலும். நெல் விளைந்த கிராமத்துக் கூலிக்கு அது அப்போது வந்து சேரவில்லை.

4. வேறு கடையே இல்லாத இடம்

கடல் தாண்டிப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தோட்டமே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. வெளியே என்ன விலை என்று தெரிந்தாலும் பிரயோசனமில்லை, கையில் காசாக எதுவும் வராது. 'துண்டு' என்னும் கடன் சீட்டு கங்காணியின் கையில் இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, கூலியோடு சேர்த்துத் தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் ஒரு வரம்பு தேவைப்பட்டது. கூலியை உயர்த்திவிட்டு அரிசி விலையைத் தோட்டத்துரையிடம் விட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்வார் என்பது அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. தஞ்சையிலும் தோட்டத்திலும் ஒரே பாடம்: கூலியையும் விலையையும் தனித்தனியாகப் பேசினால் ஏமாந்து போவோம்.

5. கடைக்கு எதிராக எழுதிய சட்டம்

தராசு பக்கத்தில் போக வேண்டுமென்றால் முதலில் தெருவில் நடக்க வேண்டும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுத் தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டவர்கள் தடையின்றிப் போகலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வெறும் நடக்கும் உரிமை என்று அதை நினைக்கக் கூடாது. கடைத்தெருவும் ஒரு தெருதான்.

1930இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். உரிமை கேட்ட தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கிராமத்து வணிகர் சாமான் விற்க மறுப்பது, நிலத்தை விட்டுத் துரத்துவது, வேலை கொடுக்க மறுப்பது ஆகியவை கத்தியில்லாத வன்முறை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்பாயி சொன்ன "நாளைக்கி இதுவும் வராது" என்பதன் அரசியல் பெயர்தான் புறக்கணிப்பு.

அரசமைப்பின் 15ஆம் பிரிவில் கடை என்ற சொல் இருக்கிறது. சாதியின் பெயரால் யாரையும் கடைக்குள் தடுக்கக் கூடாது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை விவாதத்தில், கடை என்றால் எது என்று கேள்வி வந்தபோது, அதை விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம், சேவை கொடுக்கும் இடங்களும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 6ஆம் பிரிவை நம் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். விற்க மறுப்பது மட்டும் குற்றமில்லை. மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் விற்கிறாரோ அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனையில் நமக்கு விற்க மறுப்பதும் குற்றம்.

அதே இடம் என்றால் பலகைக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். அதே நிபந்தனை என்றால் அதே விலை, அதே எடை என்று அர்த்தம். நுகர்வோர் சட்டம் வருவதற்கு 31 வருஷம் முன்பே நமக்கான நுகர்வோர் சட்டம் தீண்டாமைச் சட்டத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைப் பட்டியலில் சேர்ந்தது. 1930இல் எழுதிக் கொடுத்த கோரிக்கைக்கு 85 வருஷம் ஆனது.

6. இன்றைக்கு

மாறவில்லை என்று சொன்னால் பொய். கூலி காசாக வருகிறது. பஸ் ஏறி டவுனுக்குப் போகலாம். சூப்பர் மார்க்கெட்டில் யார் என்ன சாதி என்று கேட்டு விற்பதில்லை. ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. இதனால் கடைக்காரரின் கடன் நோட்டு மெலிந்தது. ஆண்டையின் பிடி தளர்ந்ததில் ரேஷன் அட்டைக்கு ஒரு பங்கு உண்டு. 'இலவசத்தால் ஆள் வேலைக்கு வரமாட்டேங்கிறான்' என்று பெரிய விவசாயிகள் புலம்புவதே அதற்குச் சாட்சி.

ஆனாலும் ரேஷன் கடையும் ஒரு கடைதான். சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் நடந்த கள ஆய்வை வைத்து 2005இல் எழுதினார்கள். பல கிராமங்களில் ரேஷன் கடையிலேயே தலித்துகளுக்கு அளவு குறைவாகவும் விலை கூடுதலாகவும் இருந்ததை அது வெளியே கொண்டுவந்தது.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்தில் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குத் தரமாட்டோம் என்று பெட்டிக்கடைக்காரர் சொன்ன காட்சியை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். கைது நடந்தது. அந்தக் குழந்தைகளுக்கு விலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் எதைச் சொல்லிக் கொடுப்பது?

சில்லறையாக வாங்குபவன் தலையில் விடியும் கணக்கும் இன்னும் முடியவில்லை. பொட்டலச் சாமான்களுக்கு ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று 2021இல் விதியைத் திருத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வழி. ஆனால் 2011ஆம் ஆண்டின் பொட்டல விதிகள் 10 கிராம், 10 மில்லி வரையுள்ள பொட்டலங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. தினக்கூலி வாங்கி அன்றன்றைக்குச் சாமான் வாங்குபவர் கையில் இருப்பது அந்தச் சின்னப் பாக்கெட்டுதான். காலணாக் கணக்கு பாக்கெட்டுக் கணக்காகியிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. சேரிப் பெண்கள் குழுக்களில் கடனும் வட்டியும் பேசுவதோடு, எந்தக் கடையில் என்ன விலை என்றும் பேசலாம். நாலு வீடு சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறையும் முத்திரை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த முத்திரையைக் காட்டச் சொல்லலாம். தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், சேர்ந்து போய்க் கேட்போம். பலகைக்குப் பக்கத்தில் நிற்கவிடவில்லை என்றால் எடைக் குறைவு என்று மனு எழுதக் கூடாது. தீண்டாமை என்று எழுத வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் தராசைச் சோதிக்கும் அதிகாரம் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா என்று பார்ப்பதும் அதே துறைதான். அரசாங்கம் ஏதோ நிர்வாக வசதிக்காக வைத்த ஏற்பாடு. நமக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. களத்து மரக்காலையும் கடைத் தராசையும் பற்றிய இரண்டு மனுக்களையும் ஒரே நாளில், ஒரே மேசையில் கொண்டுபோய் வைக்கலாம்.

அப்பாயி செத்த பிறகு அந்த டப்பாவை யாரோ மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போனார்கள். அதில் இருந்த கோட்டை எதை வைத்து அளந்து கீறியது என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன். ஆனால் எடை குறைகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு குறைகிறது என்றும் தெரிந்திருந்தது. கேட்பதற்குத்தான் இடமில்லாமல் இருந்தது. இப்போது இடம் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டு படியேறி, முள்ளைப் பார்த்து வாங்குவோம்.